துருவக் காற்றும் வான்துகள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எரிமலை கக்கிய கந்தகம், காட்டுத்தீயின் கரிப்புகை, எரிகல் எரிந்து மிஞ்சிய தூசு என்று வளிமண்டலத்தின் மேலடுக்குகளில் எப்போதும் ஏதாவது நுண்துகள் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. அது எவ்வளவு காலம் மேலே நிற்கும், எங்கே இறங்கும், இறங்கும் வழியில் என்ன செய்யும் என்பதில் துருவங்களைச் சுற்றும் காற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. காற்று என்றாலே துகளை அள்ளிக்கொண்டுபோய்ச் சிதறடிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வரும் கேள்விகளும் அந்த எண்ணத்தோடே வருகின்றன. துருவத்தின் மேலே நடப்பது வேறு. அங்கே காற்று முதலில் வேலி கட்டுகிறது. பிறகு வேலிக்குள் அகப்பட்டதை மெல்லக் கீழே இறக்குகிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வேலைகளைப் பற்றியவை.

துருவக் காற்று என்று எந்தக் காற்றைச் சொல்கிறீர்கள்?

இந்தப் பெயரால் மூன்று வெவ்வேறு காற்றுகளைக் குறிக்கிறார்கள். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, தரையை ஒட்டி வீசுவது. அண்டார்டிகாவின் பனிமேட்டில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் உருண்டு கடற்கரைக்கு இறங்கும். மிகக் கடுமையான காற்றுதான். ஆனால் சில நூறு மீட்டர் உயரத்துக்கு மேல் அதற்கு வேலை இல்லை. மேலடுக்குத் துகள்களோடு அதற்கு நேரடித் தொடர்பும் இல்லை.

இரண்டாவது, குளிர்காலத்தில் துருவத்தைச் சுற்றி ஏறத்தாழ 16 கிலோமீட்டரிலிருந்து 50 கிலோமீட்டர் வரையும் அதற்கு மேலும் எழுந்து நிற்கும் பெருஞ்சுழல். துருவச் சுழல் என்பது இதுதான். இந்தப் பக்கத்தில் துருவக் காற்று என்று வரும் இடமெல்லாம் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, விண்வெளி இயற்பியலாளர்கள் சொல்லும் துருவக் காற்று. துருவங்களுக்கு மேலே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில், ஹைட்ரஜன், ஹீலியம், ஆக்சிஜன் அயனிகள் பூமியின் காந்தப்புலக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு விண்வெளிக்குக் கசிந்து போகின்றன. 1968-இல் இதைக் கணித்தவர்கள், சூரியக் காற்று என்ற பெயரை ஒட்டி இதற்குத் துருவக் காற்று என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கசிவுக்கு உந்துதல் தரும் மின்புலத்தை அளப்பதற்காக 2022 மே 11 அன்று ஆர்க்டிக்கில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளிலிருந்து நாசாவின் எண்டியூரன்ஸ் ராக்கெட் கிளம்பியது. 768 கிலோமீட்டர் வரை ஏறி அது அளந்த மின்னழுத்த வேறுபாடு வெறும் 0.55 வோல்ட். கைக்கடிகார பேட்டரியில் இருப்பதைவிடக் குறைவு. ஆனாலும் ஒரு ஹைட்ரஜன் அயனியை ஈர்ப்புவிசைக்கு எதிராகத் தூக்கி அனுப்ப அதுவே தாராளம். தூசு, அமிலத் துளி போன்றவற்றை இந்தக் காற்று தொடுவதேயில்லை.

அந்தச் சுழல் எப்படி உருவாகிறது?

குளிர்காலத்தில் துருவத்தின் மேல் மாதக்கணக்கில் வெயில் படுவதில்லை. ஸ்ட்ராடோஸ்பியர் என்னும் மீள் அடுக்குக்குச் சூடு வருவதே ஓசோன் சூரியனின் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால்தான். வெயில் நின்றதும் அந்தச் சூடும் நின்றுவிடுகிறது. காற்று வெப்பத்தை விண்வெளிக்கு இழந்துகொண்டே போகிறது. வெயில் படும் நடு அகலக்கோடுகளுக்கும் இருண்ட துருவத்துக்கும் இடையே வெப்ப வேறுபாடு பெருகுகிறது. துருவத்தை நோக்கி ஓடப் பார்க்கும் காற்றைப் பூமியின் சுழற்சி பக்கவாட்டில் திருப்பிவிட, அது மேற்கிலிருந்து கிழக்காகத் துருவத்தை வலம்வரத் தொடங்குகிறது. நடுக்குளிர்காலத்தில் இதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். வசந்தத்தில் வெயில் திரும்பியதும் சுழல் தளர்ந்து கலைகிறது.

துகள்கள் தம் எடைக்கே கீழே விழுந்துவிடாதா? காற்றுக்கு அதில் என்ன வேலை?

விழும். எவ்வளவு வேகத்தில் என்பதுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது.

20 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கந்தக அமிலத் துளியை எடுத்துக்கொள்வோம். அதன் ஆரம் 0.1 மைக்ரான் என்றால் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஒரு நாளில் அது விழுவது நான்கு மீட்டருக்கு மேல் போகாது. ஓராண்டில் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர். அதற்குள் காற்று அதை உலகைப் பலமுறை சுற்ற வைத்திருக்கும். அப்படிப்பட்ட துகளுக்கு எடை என்பது பெயரளவுக்குத்தான். காற்று போகும் இடமே அதன் இடம். ஒரு மைக்ரான் ஆரமுள்ள துளி நாளொன்றுக்கு ஐம்பது மீட்டர் அளவில் இறங்கும். 10, 20 மைக்ரான் விட்டமுள்ள படிகம் என்றால் கதையே வேறு: ஒரு நாளில் கிலோமீட்டர் கணக்கில் விழுந்துவிடும்.

எரிமலை வெடித்ததும் கரடுமுரடான சாம்பல் சில நாள்களில் கொட்டிவிடுவதும், கந்தகத் துளிகள் மட்டும் ஓரிரண்டு ஆண்டுகள் நிற்பதும் இதனால்தான். துருவக் காற்றின் கணக்கில் வருபவை பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்குக் கீழே உள்ளவை. ஒரு விதிவிலக்கு உண்டு, முக்கியமான விதிவிலக்கு. மேகங்களைப் பற்றிய பதிலில் அது வருகிறது.

வெப்பமண்டலத்தில் வெடித்த எரிமலையின் துகள் துருவத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

1920-களில் கார்டன் டாப்சன் பல இடங்களில் ஓசோனை அளந்தபோது ஒரு புதிர் எழுந்தது. ஓசோன் உருவாவது வெயில் கொளுத்தும் வெப்பமண்டலத்தின் மேலே. ஆனால் அதிகமாக இருப்பதோ உயர் அகலக்கோடுகளில். 1949-இல் ஆலன் புரூவர், மீள் அடுக்கின் காற்று ஏன் இவ்வளவு வறண்டிருக்கிறது என்று ஆராயப்போய் விடையின் மறுபாதியைக் கண்டார். காற்று வெப்பமண்டலத்தின் மேலேதான் மீள் அடுக்குக்குள் ஏறுகிறது. அங்குள்ள கடுங்குளிர் வாசலில் அதன் ஈரம் உறைந்து உதிர்ந்துவிடுகிறது. பிறகு அது மெல்லத் துருவங்களை நோக்கி நகர்ந்து அங்கே இறங்குகிறது. இன்று இதற்குப் புரூவர்–டாப்சன் சுற்றோட்டம் என்று பெயர்.

மெல்ல என்றால் உண்மையிலேயே மெல்ல. இந்தப் பயணத்துக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். துருவத்தின் மேலே இறங்கும் காற்று, நாம் வாழும் கீழடுக்கை விட்டு ஏறிச் சராசரியாக நான்கைந்து ஆண்டுகள் ஆனது.

1991 ஜூன் 15-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்தபோது ஒன்றரைக் கோடியிலிருந்து இரண்டு கோடி டன் வரை கந்தக டை ஆக்சைடு மீள் அடுக்குக்குள் போனது. அது மூன்றே வாரத்தில் உலகை ஒருமுறை சுற்றிவிட்டது. கிழக்கு–மேற்காகச் சுற்றுவது அவ்வளவு எளிது. வடக்கு–தெற்காக நகர்வதுதான் மாதங்களை விழுங்குகிறது. கடைசிக் கட்டத்தில், துருவச் சுழலின் ஓரத்தில் வந்து நின்றுவிடுகிறது.

காற்றில் எப்படிச் சுவர் இருக்க முடியும்?

இந்தக் கேள்விக்குக் கணிதத்தில் பதில் சொல்லலாம். அதைவிட ஒரு விமானப் பயணத்தைச் சொல்வது நல்லது.

1987 செப்டம்பர் 16. சிலியின் தென்கோடியில் உள்ள புந்தா அரேனாஸிலிருந்து நாசாவின் ஈ.ஆர்.-2 விமானம் கிளம்புகிறது. உள்ளே விமானி ஒருவர் மட்டும்; இறக்கையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் குழுவின் கருவி. 18 கிலோமீட்டருக்கு மேலே ஏறித் தெற்கே போகிறது. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. பிறகு, வரைபடத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்குள், குளோரின் ஓசோனைத் தாக்கும்போது உண்டாகும் குளோரின் மோனாக்சைடின் அளவு செங்குத்தாக ஏறுகிறது. ஓசோன் அதே இடத்தில் செங்குத்தாகச் சரிகிறது. ஒரு கோட்டின் மேடெல்லாம் மற்றதன் பள்ளம். விமானம் சுழலின் ஓரத்தைக் கடந்து உள்ளே போய்விட்டது என்பதைத் தாளில் கண்ணால் பார்க்க முடிந்தது. ஓசோனை அழிப்பது குளோரின்தான் என்பதற்கு அசைக்க முடியாத சான்றாக அந்த இரு கோடுகள் கொண்டாடப்படுகின்றன, அது சரிதான். எனக்கு அதே அளவுக்கு வியப்பாகத் தோன்றுவது, வெறுங்காற்றுக்குள் அப்படி ஒரு வெட்டு விழுந்திருந்தது என்பதே.

சுழலின் ஓரத்தில் காற்று மிக வேகமாக ஓடுகிறது. அந்த ஓட்டத்திலிருந்து விலகப் பார்க்கும் காற்றுப் பொதியை, சுழற்சியின் சரிவு மறுபடி இழுத்துத் தன் பாதையில் போட்டுவிடுகிறது. குறுக்கே கடப்பது கடினம், கூடவே ஓடுவது எளிது. அதனால் வெளியே இருப்பது வெளியேயும் உள்ளே இருப்பது உள்ளேயும் மாதக்கணக்கில் நிற்கின்றன.

அண்மைக் காலத்தில் இதற்குக் கிடைத்த பெரிய சாட்சி ஹுங்கா டோங்கா. 2022 ஜனவரி 15-இல் கடலடியில் வெடித்த அந்த எரிமலையின் தூண் 57 கிலோமீட்டர் வரை எழுந்தது. கந்தகம் குறைவு, ஆனால் பதினாலரைக் கோடி டன் அளவில் நீராவி மீள் அடுக்குக்குள் போனது. அங்கே ஏற்கெனவே இருந்த மொத்த நீராவியில் பத்தில் ஒரு பங்கு அது. அந்த ஆண்டு அண்டார்டிகச் சுழலை அது ஓரமாகச் சூழ்ந்து நின்றதே தவிர உள்ளே போக முடியவில்லை. சுழல் அதற்கு முன்பே கட்டி முடிந்திருந்தது. சுழல் கலைந்து, 2023-இல் மறுபடி உருவானபோதுதான் அந்த ஈரம் உள்ளே அகப்பட்டது.

சுவர் எல்லா உயரத்திலும் ஒரே அளவு வலுவானதா?

இல்லை. அடிப்பகுதி ஓட்டையானது. 1991-இல் இயற்கையே ஒரு சோதனை நடத்திக் காட்டியது. பினாட்டுபோவுக்கு இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டில், சிலியின் செர்ரோ ஹட்சன் வெடித்தது. அந்த ஆண்டு வசந்தத்தில் அண்டார்டிகாவின் மெக்மர்டோ நிலையத்திலிருந்து பலூன்களில் துகள் எண்ணும் கருவிகளை அனுப்பினார்கள். ஹட்சனின் துகள்கள் 11 முதல் 13 கிலோமீட்டர் உயரத்தில் தாராளமாக உள்ளே வந்திருந்தன. அந்த உயரத்தில் அதுவரை காணாத ஓசோன் இழப்பும் கூடவே தெரிந்தது. ஹட்சனைவிடப் பல மடங்கு பெரியதான பினாட்டுபோவின் முகிலோ மேலே, சுவர் உறுதியாக உள்ள உயரத்தில் இருந்ததால், பெரும்பாலும் வெளியே காத்திருந்தது. முழுவீச்சில் உள்ளே வந்தது அடுத்த ஆண்டில்தான்.

உள்ளே அகப்பட்ட துகளுக்கு என்ன ஆகிறது?

இறங்குகிறது. வெயில் இல்லாமல் குளிர்ந்த காற்று சுருங்கி அமிழ்கிறது. மீள் அடுக்குக்கும் மேலே உள்ள இடையடுக்கில் ஓடும் பெருஞ்சுற்றோட்டமும் குளிர்காலத் துருவத்தில்தான் காற்றைக் கீழே தள்ளுகிறது. ஒரே குளிர்காலத்தில் மீள் அடுக்கின் மேற்பகுதிக் காற்று பத்து கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிவிடும். தன் எடையால் பல ஆண்டு எடுத்திருக்கக்கூடிய துகளைக் காற்று சில மாதத்தில் கொண்டுவந்துவிடுகிறது.

இதில் என் மனதைக் கவர்ந்தது எரிகல் தூசுதான். நாள்தோறும் டன் கணக்கில் விண்தூசு பூமிக்குள் நுழைந்து, 75 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில் ஆவியாகிறது. அந்த இரும்பு, மக்னீசிய ஆவி மறுபடி திரண்டு நானோமீட்டர் அளவுள்ள துகள்களாகிறது. எரிகல் புகை என்று இதைச் சொல்வார்கள். இவ்வளவு நுண்ணிய பொருள் எடையால் கீழே வர வழியே இல்லை. இடையடுக்கின் காற்று இதைக் கோடைத் துருவத்திலிருந்து குளிர்காலத் துருவத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய்ச் சுழலின் வாய்க்குள் போடுகிறது. சுவீடனின் கிருணாவிலிருந்து ஜியோஃபிசிக்கா என்ற உயரப் பறக்கும் விமானத்தை ஆர்க்டிக் சுழலுக்குள் அனுப்பிப் பார்த்தபோது, அங்கிருந்த துகள்களில் மூன்றில் இரண்டு பங்கு வரை சூட்டில் ஆவியாகாத ஒரு கருவைக் கொண்டிருந்தன. அமிலத் துளியைச் சூடாக்கினால் அமிலம் போய்விடும். உள்ளே ஒரு பொட்டு மிஞ்சும். அந்தப் பொட்டு விண்ணிலிருந்து வந்தது.

துருவ மேகங்களுக்கும் துகள்களுக்கும் என்ன உறவு?

மீள் அடுக்கில் பொதுவாக மேகம் கிடையாது. பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான் நீராவி. ஆனால் சுழலுக்குள் அடைபட்ட காற்று வெளிச்சூடு கலக்காமல் குளிர்ந்துகொண்டே போகிறது. ஏறத்தாழ −78 டிகிரிக்குக் கீழே போனதும் நைட்ரிக் அமிலமும் நீரும் சேர்ந்து, இருக்கிற கந்தகத் துளிகளின் மேலும் எரிகல் பொட்டுகளின் மேலும் படிகின்றன. −85 டிகிரிக்குக் கீழே சுத்தமான பனிப்படிகமே உருவாகிறது. இவை 15 முதல் 25 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் துருவ மீள் அடுக்கு மேகங்கள்.

இந்த மேகத்துகளின் மேற்பரப்பில்தான் விவகாரம் நடக்கிறது. மனிதர் வெளியிட்ட குளோரோஃபுளோரோகார்பன்களிலிருந்து வந்த குளோரின், சாதாரணமாக ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் குளோரின் நைட்ரேட்டாகவும் சாதுவாகக் கிடக்கும். வாயுநிலையில் இவை இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிவதே அரிது. துகளின் மேல் வந்து ஒட்டியதும் சட்டென வினைபுரிந்து குளோரின் வாயுவை விடுவிக்கின்றன. வசந்தத்தில் முதல் வெயில் பட்டதும் அது உடைந்து ஓசோனைத் தின்னத் தொடங்குகிறது. 1985-இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் அண்டார்டிகாவின் ஹேலி நிலைய அளவீடுகளைக் கொண்டு ஓசோன் ஓட்டையை அறிவித்தபோது, அது ஏன் துருவத்தில் மட்டும், வசந்தத்தில் மட்டும் என்று எவருக்கும் விளங்கவில்லை. விடை மேகத்துகளில் இருக்கிறது என்று காட்டியவர்களில் முன்னோடி சூசன் சாலமன். 1986-இல் அவரே மெக்மர்டோவுக்குப் போய் அளந்தார்.

முன்பு சொன்ன விதிவிலக்கு இங்கே வருகிறது. சில நைட்ரிக் அமிலப் படிகங்கள் போட்டியில்லாமல் வளர்ந்து 10, 20 மைக்ரான் வரை பெருக்கின்றன. 1999–2000 குளிர்காலத்தில் ஆர்க்டிக் மேலே பறந்த ஈ.ஆர்.-2 இவற்றைக் கண்டபோது ஆய்வாளர்கள் பாறைகள் என்றே பெயர் வைத்தார்கள். நூறில் ஒரு மில்லிமீட்டர் பாறை! ஆனால் அந்த உயரத்தில் அது பாறைபோலத்தான் விழுகிறது, தன்னோடு நைட்ரஜனையும் எடுத்துக்கொண்டு. குளோரினை மறுபடி பூட்டிவைக்க வேண்டிய நைட்ரஜன் சேர்மங்கள் கீழே போய்விட்டதால், ஓசோன் அழிவு இன்னும் பல வாரம் நீள்கிறது. துகள் போன பிறகும் அதன் விளைவு அங்கேயே தங்கிவிடுகிறது.

முத்துப்போல் மின்னும் மேகம் ஒன்று மணிக்கணக்கில் அசையாமல் நின்றதாகச் சொல்கிறார்களே, காற்று அவ்வளவு வேகமாக வீசும்போது அது எப்படி நிற்கும்?

மேகம் நிற்கிறது, துகள்கள் நிற்பதில்லை. ஸ்காண்டிநேவிய மலைத்தொடர், அண்டார்டிகத் தீபகற்பம் போன்ற இடங்களில் காற்று மலைமேல் மோதி எழும்போது கிளம்பும் அலை, 20 கிலோமீட்டருக்கு மேலும் ஏறிப் போகும். ஆற்றுநடுவே கிடக்கும் கல்லுக்குப் பின்னால் நீர் ஒரே இடத்தில் மேடிட்டு நிற்பதைப்போல அந்த அலை நிற்கும். அலையின் முகட்டில் ஏறும் காற்று விரிந்து பத்து டிகிரிக்கும் மேல் குளிர்கிறது. அந்த இடத்தில் படிகம் பிறக்கிறது. முகடு தாண்டி இறங்கியதும் சூடாகி மறைகிறது. படிகம் ஒவ்வொன்றும் அலையின் ஒரு முனையில் பிறந்து சிறிது நேரத்துக்குள் மறுமுனையில் கரைந்துவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் பிறந்து ஒரே அளவில் வளர்வதால்தான் ஒளியை அவ்வளவு தூய நிறங்களாகப் பிரிக்க முடிகிறது. சூரியன் மறைந்து தரை இருண்ட பிறகும் அந்த உயரத்தில் வெயில் இருப்பதால், இருண்ட வானில் அது தனியே ஒளிர்கிறது.

வடதுருவமும் தென்துருவமும் ஏன் ஒரே மாதிரி இல்லை?

நிலத்தின் அமைப்புதான் காரணம். வடக்கே இமயமும் ராக்கி மலைகளும், நிலமும் கடலும் மாறிமாறி அமைந்த பரப்பும் பேரலைகளை எழுப்பி மேலே அனுப்புகின்றன. அவை சுழலை இடித்துக்கொண்டே இருப்பதால் ஆர்க்டிக் சுழல் தள்ளாடும், சூடாகும், சில ஆண்டுகளில் நடுக்குளிர்காலத்திலேயே உடையும். தெற்கே அண்டார்டிகாவைச் சுற்றிப் பெருங்கடல். இடிப்பதற்கு ஆள் குறைவு. அதனால் தென்சுழல் வட்டமாக, குளிராக, வசந்தம் முடியும்வரை நிற்கிறது. ஓசோன் ஓட்டை அங்கே ஆண்டுதோறும் வருவதற்கும் வடக்கே 2011, 2020 போன்ற அபூர்வ ஆண்டுகளில் மட்டும் பெரிய இழப்பு நேர்வதற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சுழல் திடீரென்று உடைந்தால் துகள்கள் என்ன ஆகும்?

1952-இல் பெர்லினில் பலூன் அளவீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் ஷெர்ஹாக், மீள் அடுக்கின் வெப்பம் சில நாள்களில் தாறுமாறாக ஏறியதைக் கண்டார். திடீர் மீள் அடுக்கு வெப்பமேற்றம் என்று இன்று சொல்லப்படுவது அதுதான். கீழிருந்து வரும் பேரலைகள் உடைந்து சுழலின் ஓட்டத்தை நிறுத்திவிடுகின்றன, காற்று திசைமாறுகிறது, துருவத்தின் மேலே 30, 40 டிகிரி, சில வேளை 50 டிகிரி வரை வெப்பம் ஏறிவிடுகிறது. 2009 ஜனவரியில் ஆர்க்டிக் சுழல் இரண்டாகப் பிளந்தது. தெற்கே இப்படி நடக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, 2002 செப்டம்பரில் அண்டார்டிகச் சுழலும் பிளந்தது. ஓசோன் ஓட்டையும் அதோடு சேர்ந்து இரண்டானது.

உடைந்ததும் மேகத்துகள்கள் ஆவியாகிப் போகின்றன. அடைபட்டிருந்த காற்று நாக்கு நாக்காகப் பிரிந்து நடு அகலக்கோடுகளுக்குள் நீள்கிறது. அதோடு எரிகல் தூசும் கந்தகத் துளியும் வெளியேறுகின்றன.

இதன் கசப்பான சாட்சி அணுகுண்டுச் சோதனைகள். 1961–62-இல் சோவியத் ஒன்றியம் ஆர்க்டிக் தீவான நோவாயா செம்லியாவில் வெடித்த பெருங்குண்டுகளின் கதிரியக்கத் தூசு மீள் அடுக்கில் தங்கியது. அது தரைக்கு ஒரே சீராக வரவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும், கோடைத் தொடக்கத்திலும் மழையில் ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் கூடியது. குளிர்காலம் முழுதும் துருவத்தின் மேலே இறங்கிச் சேர்ந்தது, சுழல் கலைந்த பருவத்தில் கீழடுக்குக்குள் வந்து மழையில் விழுந்தது. பால், கோதுமை வழியாக அது குழந்தைகளின் எலும்பு வரை போனது. வளிமண்டலத்தின் சுற்றோட்டத்தை நாம் தெரிந்துகொண்ட விதங்களில் நடந்திருக்கவே கூடாத ஒன்று இது.

கோடையில் துருவத்துக்கு அருகே இரவில் ஒளிரும் நீல மேகங்களும் இதே வகையா?

இல்லை, அவை மிக உயரத்தில் இருப்பவை: சுமார் 83 கிலோமீட்டர். அங்கே தலைகீழ் நிலைமை. கோடைத் துருவத்தில் காற்று மேலே ஏறுகிறது, விரிந்து குளிர்கிறது. அதனால் நாள் முழுதும் வெயில் படும் அந்தக் கோடைத் துருவத்தின் மேலேதான் பூமியின் மிகக் குளிர்ந்த இடம் இருக்கிறது: ஏறத்தாழ −140 டிகிரி. அந்தக் குளிரில் எரிகல் புகையைக் கருவாகக் கொண்டு பனி படிகிறது. 2007-இல் ஏவப்பட்ட ஏய்ம் செயற்கைக்கோள் அந்தப் பனித்துகளுக்குள் எரிகல் பொருள் கலந்திருப்பதைக் காட்டியது. இதிலும் ஒரு புதிர் உண்டு. மேகம் உண்டாக்கும் அதே காற்றோட்டம் எரிகல் புகையைக் கோடைத் துருவத்திலிருந்து துடைத்துக்கொண்டும் போகிறது. தேவைப்படும் இடத்தில் கரு குறைவு, தேவைப்படாத குளிர்காலத் துருவத்தில் ஏராளம்.

காட்டுத்தீப் புகை அவ்வளவு உயரம் போகுமா?

போகிறது. பெருந்தீயின் மேலே எழும் இடிமேகம் புகையை மீள் அடுக்கின் வாசலில் விட்டுவிடும். பிறகு கரித்துகள் வெயிலை உறிஞ்சித் தன்னைச் சுற்றிய காற்றைச் சூடாக்கித் தானே மேலேறும். 2019–20 ஆஸ்திரேலியத் தீயின் ஒரு புகைப்பொதி ஆயிரம் கிலோமீட்டர் அகலத்துக்குச் சுழன்றுகொண்டே 35 கிலோமீட்டர் வரை ஏறியது. துருவ இரவில் இந்த வித்தை பலிக்காது. வெயில் இல்லையென்றால் கரியும் மற்றத் துகள்களைப்போலக் காற்றோடு இறங்க வேண்டியதுதான். புகையில் உள்ள கரிமப் பொருள்கள், மேகத்துக்குத் தேவையான அளவு குளிர் இல்லாத இடத்திலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கரைத்துவைத்துக் குளோரின் வினைக்கு இடம் கொடுக்கின்றன என்று சாலமன் குழுவினர் 2023-இல் எழுதினார்கள். தீ பெருகிவரும் காலத்தில் இது கவலைக்குரிய செய்தி.

அரோரா என்னும் துருவ ஒளியை உண்டாக்கும் துகள்களையும் இந்தக் காற்று நகர்த்துமா?

நகர்த்தாது. அவை மின்னூட்டமுள்ள, மிக வேகமான துகள்கள். காந்தப்புலத்துக்கு மட்டுமே கட்டுப்படும். ஆனால் அவை மோதி உண்டாக்கும் நைட்ரிக் ஆக்சைடு வாயு, துருவ இரவில் சிதையாமல் தங்கிச் சுழலோடு கீழிறங்கும். 2003 அக்டோபர்–நவம்பர் சூரியப் புயல்களுக்குப் பின் வந்த குளிர்காலத்தில் அது பெருமளவில் இறங்கி மீள் அடுக்கின் மேற்பகுதி ஓசோனைக் குறைத்தது.

இவற்றையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்?

தரையிலிருந்து லேசர் கற்றையை மேலே பாய்ச்சி, திரும்பி வரும் மங்கிய ஒளியை எண்ணுவது லைடார். ஒளியின் அதிர்வுத்தளம் திரும்பி வரும்போது மாறியிருந்தால் துகள் கோணலான படிகம். மாறாவிட்டால் உருண்டையான துளி. இந்த ஒரு நுணுக்கத்தை வைத்தே மேகத்தின் வகையைப் பிரிக்கிறார்கள். கலிப்சோ செயற்கைக்கோள் இதே வேலையை 2006-இலிருந்து 2023 வரை மேலிருந்து செய்தது. துருவ இரவில் சூரிய ஒளியை நம்பும் கருவிகள் குருடாகிவிடும் என்பதால், தன் ஒளியைத் தானே கொண்டுபோன கலிப்சோவின் பதிவுகள் விலைமதிப்பற்றவை. பலூனில் போகும் துகள் எண்ணியும் இன்றுவரை கைவிடப்படவில்லை. துகளைத் தன் குழாய்க்குள் இழுத்து ஒவ்வொன்றாக எண்ணுவதற்கு ஈடாக வேறொன்று இல்லை.

பூமியைக் குளிர்விக்க மேலே கந்தகம் தூவலாம் என்கிறார்களே, துருவத்தின் மேல் தூவினால் அங்கேயே அடைபட்டு நிற்குமா?

வேலி என்ற சொல்லைக் கேட்டதும் இப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் துருவம் காற்று இறங்கும் இடம். அங்கே தூவியது சில மாதத்தில் கீழே வந்துவிடும். நீண்ட காலம் நிற்க வேண்டுமென்றால் காற்று ஏறும் வெப்பமண்டலத்தில்தான் தூவ வேண்டும். அப்போதும் கடைசியில் துருவங்களுக்கே வந்து, குளோரின் இன்னும் மிச்சமிருக்கும் சுழலுக்குள் புதிய மேற்பரப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். பினாட்டுபோவுக்குப் பின் ஓசோன் இழப்பு கூடியதைப் பார்த்தவர்கள் இந்த யோசனையில் தயங்குவதற்கு நியாயம் இருக்கிறது.

கடைசியில் துகள் எங்கே போய்ச் சேருகிறது?

கீழடுக்குக்கு வந்துவிட்டால் சில நாள், அதிகம் போனால் சில வாரம். மழையோ பனியோ அதைத் தரைக்குக் கொண்டுவந்துவிடும். துருவத்தில் விழுந்தது மட்டும் கரைந்து ஓடாமல் பனியில் அடுக்கடுக்காகப் புதைகிறது. தென்துருவத்தில் பனியைக் குழிவெட்டி, அடுக்கடுக்காக உருக்கிப் பார்த்தால், 1991-க்குச் சற்று மேலே உள்ள அடுக்குகளில் சல்ஃபேட் எழுந்து தணிவது தெரியும். ஹட்சனும் பினாட்டுபோவும் அங்கே வந்த வரிசையிலேயே கிடக்கின்றன: அடிச்சுவர் வழியாக நுழைந்தது முதலில், வெளியே காத்திருந்தது பிறகு.